முள்ளம்பன்றி வீட்டு விருந்தினர் வைஃபை

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் இந்தக் கதை ஓரடி நகராது. அதன் வளையில் வைஃபை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அந்த வைஃபையால் வந்த வினை.

முள்ளம்பன்றியின் பெயர் குஞ்சிதபாதம். அதற்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று எதுவும் கிடையாது. மத்தியானம் வயிறாரக் கிழங்கு தின்றுவிட்டு, முள்ளையெல்லாம் விரித்துப் போட்டுக்கொண்டு, வளையின் நடுவில் காலை நீட்டிப் படுக்கவேண்டும். அவ்வளவுதான். வெளியாள் யாராவது வீட்டில் இருந்தால் அது நடக்காது. முள்ளை அடக்கிக்கொண்டு, ஓரமாக ஒடுங்கி, சிரித்த முகத்தோடு உட்காரவேண்டும். எரிச்சலை மறைக்க முள்ளம்பன்றிக்கு வழியில்லை பாருங்கள். நமக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். அதற்கு முதுகே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குத்தான் ஆவுடையப்பன் என்ற பெருச்சாளி வந்து சேர்ந்தது. குஞ்சிதபாதத்தின் மனைவி வடிவாம்பாளுக்கு அது அண்ணன். பெருச்சாளி எப்படி முள்ளம்பன்றிக்கு அண்ணனாகும் என்று கேட்கக்கூடாது. மச்சான் என்று ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் மேற்கொண்டு விசாரிக்கிற வழக்கம் அந்தக் காட்டில் இல்லை. முயல் வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருந்தது ஆவுடையப்பன். காது பெரிது என்பதால் விசேஷமே மூன்று நாள் நடந்தது. முடிந்ததும் நேராக இங்கே வந்து, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ளே" என்று சொல்லிப் பையை இறக்கியது. குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பாஸ்வேர்டுதான் கேட்டது.

குஞ்சிதபாதம் இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரம். அதன் ரவுட்டரில் இரண்டு நெட்வொர்க் இருந்தன. ஒன்று வீட்டுக்காரர்களுக்கு, மற்றது விருந்தினர்களுக்கு. மச்சானை விருந்தினர் பக்கம் சேர்த்துவிட்டது. ஆவுடையப்பன் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வளையின் நடுவில், சரியாக அந்த இடத்தில், மல்லாந்து படுத்தது.

இரண்டு நாள் இருபது நாளாயிற்று.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்தவரைப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. கேட்டுவிட்டால் மறுநாள் நீர்த்துறையில் யானையிலிருந்து நத்தைவரை அதுதான் பேச்சு. போன வருஷம் வாய்தவறிக் கேட்டுவிட்ட ஒரு நரிக்கு இன்றுவரை யாரும் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை. குஞ்சிதபாதம் மானத்துக்குப் பயந்த பிராணி. ஆனால் இருபது நாளாக அடக்கிவைத்த முள் முதுகில் நமைச்சல் எடுத்தது.

வாயால் சொல்ல முடியாததை ரவுட்டர் சொல்லட்டும் என்று அது முடிவுகட்டியது. யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே போய், விருந்தினர் நெட்வொர்க்குக்கு ஒரு மணி நேரம் கெடு வைத்தது. இனி மணிக்கு ஒருமுறை இணைப்பு அறுந்துபோகும். திரும்ப வரவேண்டுமானால் ரவுட்டரை அணைத்துப் போடவேண்டும். சூடு சொரணை உள்ள பெருச்சாளி மூன்றாம் முறை அறுந்ததும் பையைத் தூக்கிவிடும் என்பது அதன் எண்ணம்.

முதல் மணி நேரம் முடிந்தது.

"மாப்ளே, வைஃபை போயிருச்சே" என்றது ஆவுடையப்பன்.

"அப்படியா மச்சான்? அடடா" என்றது குஞ்சிதபாதம். அந்த 'அடடா'வை அது முதல்நாளே சொல்லிப் பார்த்து வைத்திருந்தது.

"கவலைப்படாதீங்க. உங்க வீட்ல ஒரு குறை இருக்கும்போது அப்படியே விட்டுட்டுப் போற ஆளா நான்? இது சரியாகாம இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்."

குஞ்சிதபாதத்தின் திட்டம் தலைகீழாயிற்று. அதோடு போகவில்லை. இணைப்பு இருந்தவரை ஆவுடையப்பன் வாயைத் திறக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது போனைக் கீழே வைத்துவிட்டுத் தனக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தது. கல்லின் அளவைக் கையால் காட்டியது. ஒவ்வொரு முறை இணைப்பு அறும்போதும் அந்தக் கதை முதலிலிருந்து வந்தது, கல்லும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

இரண்டாம் நாள் ஆவுடையப்பனே புகார் எண்ணுக்குப் போன் போட்டது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்ற குரல் நாற்பது நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தது. பதிவுசெய்த குரல் என்று நினைத்து ஆவுடையப்பன் ஏதோ திட்டியது. அது உண்மையிலேயே ஒரு கிளி. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டது. மறுபடி போட்டு, சமாதானம் சொல்லி, ஆள் அனுப்பச் சொல்லவேண்டியதாயிற்று.

வந்தது வேம்புலி என்ற குரங்கு. தோளில் ஒரு வயர்ச் சுருள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கே தெரியும்.

"அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு" என்றது குஞ்சிதபாதம்.

"என் முன்னால ஒருதடவை போடுங்க."

போட்டார்கள். இணைப்பு வந்தது. "நல்லாத்தானே சார் வருது" என்றது வேம்புலி.

"ஒரு மணி நேரத்துல போயிரும் தம்பி" என்றது ஆவுடையப்பன்.

"அப்ப போறதை நான் கண்ணால பாக்கணும். பாக்காம ரிப்போர்ட் எழுதமுடியாது."

வேம்புலி தன் போனையும் விருந்தினர் நெட்வொர்க்கில் இணைத்துக்கொண்டு உட்கார்ந்தது. சரியாக ஒரு மணி நேரம் முடியும்போது அது வெளியே அத்திப்பழம் பறிக்கப் போயிருந்தது. அடுத்த முறை தூங்கிவிட்டது. அதற்கடுத்த முறை சாப்பாட்டு நேரம். இரண்டு நாள் இப்படியே கழிந்து, ஒருவழியாகக் கண்ணால் பார்த்த பிறகு, குஞ்சிதபாதத்தை மேலும் கீழும் நோட்டம்விட்டது.

"கோளாறு இதுதான் சார். உங்க முள்ளு. நீங்க சிலிர்க்கிறப்போ சிக்னல் அதுல மாட்டிக்குது. ரவுட்டர் இருக்கிற இடத்துல எப்பவுமே அடக்கி வச்சுக்கங்க."

கோளாறு என்னவென்று அந்த வளையில் குஞ்சிதபாதம் ஒன்றுக்குத்தான் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டினால் தீர்ந்தது. ஆனால் தட்டப் போனால் யார் வைத்தது என்று கேட்பார்கள். எனவே அது "சரி தம்பி" என்று சொல்லி முள்ளை இன்னும் அழுத்திக்கொண்டது. பாவம், அன்று அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

குரங்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பக்கத்துப் புற்றிலிருந்து ஒரு உடும்பு யோசனை சொல்ல வந்தது. வந்த உடும்பு போகவில்லை. அதன் பிடியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆக, மூன்று விருந்தாளிகள். மணிக்கு ஒருமுறை மூன்று கதைகள். கிழங்கு தோண்டித் தோண்டி வடிவாம்பாளுக்கு நகம் தேய்ந்தது.

எட்டாம் நாள் உடும்பு ரவுட்டரைத் திருப்பிப் பார்த்து, "பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்குங்க. அதுல குத்திப் பிடிச்சா எல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிடும்" என்றது.

"குத்த ஊசி மாதிரி ஏதாச்சும் வேணுமே" என்றது வேம்புலி.

மூன்றும் ஒரே சமயத்தில் குஞ்சிதபாதத்தின் முதுகைப் பார்த்தன.

முள் ஒன்று போயிற்று. சிறியதாகப் பார்த்துத்தான் பிடுங்கினார்கள், ஆனாலும் வலி வலிதானே. ரவுட்டர் கண்ணை மூடித் திறந்தது. போட்ட கெடு உள்பட அதில் இருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது. குஞ்சிதபாதம் மறுபடி எல்லாவற்றையும் புதிதாக அமைக்க, மூன்றும் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் கெடு வைக்கிற இடத்துப் பக்கமே அதனால் போக முடியவில்லை. இணைப்பு வந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் அறவில்லை. இரண்டு மணி நேரம் ஆகியும் அறவில்லை.

"பாத்தீங்களா மாப்ளே, சரியாயிருச்சு" என்றது ஆவுடையப்பன்.

"ரொம்ப சந்தோஷம்" என்றது குஞ்சிதபாதம். மூன்று பைகளையும் ஆசையாகப் பார்த்தது.

"இருந்தாலும் ஒரு மாசம் பாத்துட்டுப் போறதுதான் முறை" என்றது வேம்புலி. மற்ற இரண்டும் தலையாட்டிவிட்டு நடுவில் வரிசையாகப் படுத்தன.

குஞ்சிதபாதம் வளைக்கு வெளியே வந்து வடிவாம்பாளிடம் எல்லாவற்றையும் கொட்டியது. கெடு வைத்ததைச் சொன்னது. முள் போனதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. என் வீட்டில் என்னால் ஒருதடவை சிலிர்க்க முடியவில்லையே என்று புலம்பியது.

வடிவாம்பாள் நகத்திலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டது. "ஏங்க, எங்கண்ணன் இங்க இருக்கான்னா, அவன் வளை இப்ப காலியாத்தானே கெடக்கும்?"

குஞ்சிதபாதம் புலம்பலை நிறுத்தியது. "இது உனக்கு எப்பத் தோணுச்சு?"

"அவன் வந்த அன்னிக்கே. அப்புறம் நீங்க ரவுட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

அன்று மாலை ஆவுடையப்பனைக் குஞ்சிதபாதம் தனியே அழைத்தது. "மச்சான், சொந்த மச்சானைப் போய் விருந்தினர் நெட்வொர்க்ல வச்சிருந்தோமேன்னு மனசு அடிச்சுக்குது. இனிமே நீங்க வீட்டு நெட்வொர்க்ல இருங்க. இந்தாங்க பாஸ்வேர்டு. நாங்க ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வந்துடுறோம். அதுவரைக்கும் அவங்க ரெண்டு பேரையும் நீங்கதான் பாத்துக்கணும்."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கிற நேரத்தில் குஞ்சிதபாதம் ரவுட்டருக்குள் போய், விருந்தினர் நெட்வொர்க்குக்கு மறுபடி ஒரு மணி நேரம் கெடு வைத்துவிட்டு வந்தது.

ஆவுடையப்பனின் வளை ஓடைக்கு அந்தப் பக்கம். விசாலமானது, வைஃபை கிடையாது. குஞ்சிதபாதம் நட்டநடுவில் காலை நீட்டிப் படுத்து, ஒரு மாத முள்ளையும் ஒன்றாக விரித்தது. முதுகு சடசடவென்று சத்தம் போட்டது. அதற்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சுகம்.

நான்காம் நாள் கிழங்கு தேடி மேட்டுக்குப் போனபோது போன் அடித்தது. ஆவுடையப்பன்தான்.

"மாப்ளே, திரும்பவும் மணிக்கு ஒருதடவை போகுது. எனக்கு மட்டும் நல்லா வருது, அவங்களுக்கு வரல. வீட்டுக்காரர் ஓரவஞ்சனை பண்றார்னு உடும்பு என்னைப் பாத்து சொல்லுது. குரங்கு பொண்ணு பாக்கப் போன கதையைச் சொல்லிக்கிட்டே இருக்கு, ஏழாவது பொண்ணுகிட்ட நிக்குது. கிழங்கும் நானே தோண்ட வேண்டியிருக்கு. இவங்க எப்ப மாப்ளே கிளம்புவாங்க?"

"மெதுவாப் பேசுங்க மச்சான். வீட்டுக்காரர் வாயில வரக்கூடிய பேச்சா இது?"

 ஆவுடையப்பன் ஈனக்குரலில், "பேசாம நான் என் வீட்டுக்கே போயிடுறேன்" என்றது.

"தாராளமா வாங்க மச்சான்" என்றது குஞ்சிதபாதம். "வடிவுகிட்ட சொல்லி ஓரமா ஒரு இடம் ஒதுக்கிவைக்கச் சொல்றேன்."

நீதி: விருந்தாளியை வீட்டைவிட்டு அனுப்புவது மகாபாவம். வீட்டை அவர் தலையில் கட்டிவிட்டு அவர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வதில் ஒரு தோஷமும் இல்லை. கிளம்புமுன் ரவுட்டரில் கெடு வைத்தாயிற்றா என்று மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.