‘உம்’ என்பதற்கு என்ன எண்?

மனைவியைப் பயமுறுத்துவது என்று குறியீட்டாளர் ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது, முடிவெடுத்தார். அதட்டி உருட்டும் ஆள் இல்லை அவர். குரலை உயர்த்தினால் அவருக்கே இருமல் வந்துவிடும். புள்ளிவிவரத்தால் பயமுறுத்துவது என்பதுதான் திட்டம்.

காரணம், முந்தின நாள் கண்ணில் பட்ட ஒரு துண்டுப் பிரசுரம். மனைவியின் கைப்பையில், குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே மடித்துக் கிடந்தது. ‘காப்பர் டி: இன்னும் பிள்ளை பெறாத பெண்களுக்கும்.’ குடை தேடப் போனவர் தலையில் இடி விழுந்தது.

மனைவி நகர ரயில் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு மாதப் பயிற்சியில் எட்டு மாதம் முடிந்திருந்தது. நடுவில் கர்ப்பம் என்றால் ஓட்டுநர் அறையிலிருந்து இறக்கிவிடுவார்கள். திரும்பி வந்தால் முதல் பாடத்திலிருந்து, அதாவது சிவப்பு விளக்கு என்றால் என்ன என்பதிலிருந்து, தொடங்க வேண்டும். குறியீட்டாளருக்கோ வயது முப்பத்து நான்கு. முப்பத்தைந்துக்குள் ஒரு பிள்ளை என்று கல்யாணத்துக்கு முன்பே வரைபடத்தாளில் கோடு போட்டு வைத்திருந்தவர். கோடு ஏறிக்கொண்டே போனது. வீடு அப்படியே இருந்தது. “அம்மா ஆசைப்படறாங்க” என்பது அவருடைய வழக்கமான வாதம். அம்மா வேறு ஊரில் இருந்தது வாதத்துக்கு வசதியாக இருந்தது.

ஆயுதம் அலுவலகத்திலேயே கிடைத்தது. சுகாதாரத் துறையின் ஆய்வுப் பிரிவில் அவருக்கு வேலை. ‘பிள்ளை பெறாத பெண்கள் காப்பர் டி பற்றி என்ன நினைக்கிறார்கள்?’ என்று அப்போது ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மருத்துவமனைகளில் பெண்கள் சொல்லச் சொல்ல, நர்ஸுகள் எழுதிய பெயரில்லாப் படிவங்கள் முந்நூறு அவர் மேசையில் இருந்தன. அவற்றை எண்களாக, அதாவது குறியீடுகளாக, மாற்றுவது அவர் பொறுப்பு. ‘வலிக்குமோ என்று பயம்’ என்றால் 4. ‘மாமியார் திட்டுவாள்’ என்றால் 11. எதிலும் அடங்காதது 99. ஒருத்தியின் பத்து வருஷக் கவலையை இரண்டு இலக்கத்தில் அடக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்.

படிவத்தை வெளியே கொண்டுபோவது குற்றம். மனப்பாடம் செய்துகொண்டு போவதைப் பற்றி விதிப்புத்தகம் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் போர் தொடங்கியது.

“இன்னிக்கு ஒரு படிவம் பார்த்தேன். சும்மா, பொது அறிவுக்காகச் சொல்றேன்.”

“சொல்லுங்க.”

“இந்தக் காப்பர் டி இருக்குல்ல, அது உள்ளயே துருப்பிடிச்சுடுமாம். ஒரு பொண்ணு சொல்லியிருக்கா.”

“ஐயய்யோ!”

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். படித்தவருக்கு நாக்கில்தான் சனி.

“ஆனா ஒரு விஷயம். துரு இரும்புக்குத்தான். செம்பு துருப்பிடிக்காது, களிம்புதான் ஏறும்.”

“அப்ப பிடிக்காதா?”

“அறிவியல்படி... பிடிக்காது.”

“நல்லவேளை,” என்று மனைவி தட்டை நகர்த்தினாள்.

செவ்வாய்க்கிழமை அடுத்த குண்டு. அது மெல்ல ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாம்.

“எந்த வழியா?” என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வியைக் கண்டால் அவருக்கு எதிரி யார் என்பதே மறந்துபோகும். அலமாரியிலிருந்து உடற்கூறு நூலை இறக்கி, பக்கம் பக்கமாகத் தேடினார். சாப்பாடு ஆறியது.

“வழியே இல்லையே,” என்றார், ஏமாந்த குரலில். “அபூர்வமா இடம் நகரலாம். அதுக்குத்தான் போட்டப்புறம் ஒருதடவை திரும்பி வந்து காட்டச் சொல்றாங்க.”

“ஆமா, காட்டணும் காட்டணும்,” என்றாள் மனைவி.

புதன்கிழமை, உடம்பில் உலோகம் இருந்தால் மின்னலை இழுக்கும் என்று ஆரம்பித்தார். “என் தலைக்கு மேல இருபத்தஞ்சாயிரம் வோல்ட் கம்பி போகுது. அதுவே இழுக்கலை. மேல சொல்லுங்க,” என்றாள்.

வியாழக்கிழமை பிரம்மாஸ்திரம்.

“என்ன இருந்தாலும், ஒண்ணு பெத்தவங்களுக்குத்தான் அதைப் போடுவாங்க. எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்னா?”

“எல்லாரும்னா எல்லாரும்தான்.”

“ஆதாரம்?”

ஆதாரம் என்பது அவருடைய சொல். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவர் அதைக் கேட்காத நாள் இல்லை. அடுத்தவர் கேட்டால் அது இப்படிக் கசக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் துறையின் வழிகாட்டி நூலைப் புரட்டினார். ‘பிள்ளை பெறாதவர்களும் போட்டுக்கொள்ளலாம். போடும்போது வலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். எடுத்துவிட்டால், பின்னால் பிள்ளை பெறத் தடையில்லை.’ மூன்று முறை படித்தார். குறை சொல்ல ஒரு காற்புள்ளி கூடக் கிடைக்கவில்லை. பொய் சொல்ல அவருக்கு வராது. அது ஒழுக்கமல்ல, பயிற்சியின்மை. ஆகவே தொலைபேசியை எடுத்து அம்மாவை வரச் சொன்னார். அறிவியல் கைவிட்ட இடத்தில் அம்மா கைகொடுப்பாள்.

அம்மா மூன்று மாதத்துக்கு முன்புதான் கண் பரிசோதனைக்கென்று வந்து போயிருந்தாள். மாமியாரும் மருமகளும் அரை நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். அதே பழைய கண்ணாடியோடு திரும்பி வந்து, “கண்ணு கல்லு மாதிரி இருக்காம்,” என்றாள் அம்மா.

அம்மாவிடம் பேசி முடித்துவிட்டுக் குறியீட்டாளர் அடுத்த படிவத்தை எடுத்தார். எண் நாற்பத்தொன்று. எடுத்தவர் போரையே மறந்தார். தனியாகச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை அம்மா வந்து இறங்கினாள். மாலையில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“அம்மா, நீயும் கேளு. இப்படியும் ஒரு புருஷன் இருப்பானா, நீயே சொல்லு.” தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தார். “‘கணவர் நல்லவர். கரண்டிகளை உயர வரிசையில் அடுக்கி வைப்பார். ஒன்று இடம் மாறினால் அன்று முழுவதும் முகம் கடுகடுவென்று இருக்கும்.’”

அம்மா தன் தட்டையே உற்றுப் பார்த்தாள். மனைவி தண்ணீர் குடித்தாள்.

“மரமண்டை!” என்றார் குறியீட்டாளர் பூரிப்போடு. “கரண்டிக்கு உயரம் ஏது? நீளம்தானே உண்டு?”

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஏழு கரண்டிகள் நீள வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தன.

“அப்புறம்?” என்றாள் மனைவி.

“கேள்வி பதினெட்டு. கணவரிடம் சொன்னீர்களா? ‘மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் உம் என்றார்.’ எனக்கு அரை நாள் போச்சு. சம்மதிச்சார்னா ஒண்ணு. மறுத்தார்னா ரெண்டு. சொல்லவேயில்லைன்னா மூணு. ‘உம்’முக்கு ஏது எண்?”

“என்ன போட்டீங்க?” மனைவி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

“ஒண்ணு! மறுக்கலைல்ல? காதிருந்தும் கேக்காதவனுக்கு அப்புறம் பேச வாயேது? அடிக்குறிப்பே எழுதிட்டேன், ‘உம் என்பது சம்மதமே’ன்னு. மேலதிகாரி கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆயாச்சு.”

“இனிமே மாத்த முடியாதா?”

“எமனே வந்தாலும் முடியாது.”

மனைவி அவருக்கு இரண்டாம் முறை பரிமாறினாள். கேட்காமலே.

“கேள்வி பத்தொன்பதுதான் இன்னும் அநியாயம். கூட வந்தவர் யார்? ‘மாமியார்’! எப்படிப்பட்ட மாமியார் பாரு! ‘வீட்டில் கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டு...’”

கண் என்ற சொல்லில் குரல் நின்றது. அம்மாவின் மூக்கின் மேலிருந்த பழைய கண்ணாடியைப் பார்த்தார். திரும்பிக் கரண்டிகளைப் பார்த்தார். ஏழு. கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

“நீயா?”

“நான்தான்.”

“எங்கிட்டே எப்போ சொன்னே?”

“முதல் தடவை, குறுக்கெழுத்து போட்டுட்டிருந்தீங்க. ரெண்டாம் தடவை, கரண்டி துடைச்சுட்டிருந்தீங்க. மூணாவது, போட்டுக்கிட்டு வந்து வலியில சுருண்டு படுத்திருந்தேன். ‘போட்டாச்சுங்க, வலிக்குது’ன்னேன். ‘உம்’னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்தினீங்க.”

குறியீட்டாளர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

“வீட்டுல சொன்னா உங்க காதுல ஏறலை. திரும்பிக் காட்டப் போனப்போ ஒரு நர்ஸ் படிவத்தோட வந்தாங்க. எல்லாம் உங்க மேசைக்குத்தான் வரும்னு தெரியும். அதுல சொன்னா மனப்பாடமே பண்ணிடுவீங்கன்னு நினைச்சேன்.”

“அப்ப பையில இருந்த அந்தப் பிரசுரம்?”

“அது கூடப் படிக்கிற பொண்ணுக்கு. துருப்பிடிக்கும், நெஞ்சுக்கு ஏறும்னு பயந்துட்டிருந்தா. நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன், களிம்பு உட்பட. திங்கட்கிழமை போறா.”

“நான் சம்மதிக்கவேயில்லை!” என்று எழுந்தார். இருமல் வந்தது.

“முத்திரை வெச்சாச்சுங்களே.”

உட்கார்ந்தார். கடைசி ஆயுதத்தின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, பேரன் பேத்தி வேணும்னு நீ எவ்வளவு ஆசைப்பட்டே!”

“நான் எப்படா கேட்டேன்? வரும்போது வரட்டும். இவ ஓட்டற வண்டியில முதல் பெட்டியில உட்காரணும். இப்போதைக்கு அதுதான் ஆசை.”

“உங்க காலத்துலயெல்லாம் இப்படியா...”

“எங்க காலத்துலயும் இருந்துது. நானும் போட்டுக்கிட்டவதான். நீ ஏன் ஒத்தப்பிள்ளைன்னு நினைச்சே?”

“கொடுப்பினை இல்லைன்னு சொன்னியே! தம்பி வேணும்னு நான் அழுதப்போ...”

“வேற என்னத்தைச் சொல்றது? ரெண்டு வயசுல கரண்டியை எல்லாம் வரிசையா அடுக்கினே. ஒண்ணை நான் நகர்த்திட்டேன்னு மூணு நாள் அழுதே. இந்த மாதிரி ஒண்ணு போதும்னு நாலாம் நாளே கிளம்பிப் போயிட்டேன்.”

குறியீட்டாளர் வாயைத் திறந்தார். வந்தது ஒரே ஒரு சத்தம்.

“உம்.”

“ஒண்ணு,” என்றாள் மனைவி.