மூன்றாம் ஓலையும் ஒரு கரடியும்

பயப்படுவதை நான் ஒரு வேலையாகவே செய்துவந்திருக்கிறேன். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். (அன்றைக்கு சிலிண்டரே தீர்ந்து போயிருந்தது.) பத்தாம் வகுப்புப் பரீட்சையை நினைத்தே மூன்று மாதம் வயிற்றுவலி வந்து, ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். பிறகு வல்லம் வடகாலில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி ஸ்டோரில் கான்ட்ராக்ட் வேலை. அங்கே ஒவ்வொரு பெட்டியின் மேலும் அது என்ன, எப்போது வந்தது, எங்கே வைக்க வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருக்கும். இந்த உலகத்தையே அப்படிச் சீட்டு ஒட்டிக் கொடுத்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்படிப்பட்ட நான், எதையுமே எழுதி வைக்காத ஒரு விளையாட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் கல்யாணம்.

மாப்பிள்ளை பென்னலூர்க்காரர், பெயர் அருள். சாது. பிரச்சினை அவருடைய தங்கை மெர்சி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. குவாலிட்டிக்காரர்களை எனக்குத் தெரியும். சிரிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று மெர்சி என்னை அப்படித்தான் பார்த்தாள். இவளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளிடம் எப்படிப் பேசுவது என்று அருளைக் கேட்டேன்.

"அவ ஒரு கேம் ஆடுவா. அத்தப் பத்திப் பேசு, அப்புறம் வாய மூட மாட்டா" என்றார்.

அதை என் ஃபோனிலும் ஏற்றிக் கொடுத்தார். ஒரு பனிக்காட்டில் கண் விழிப்போம். கையில் ஒன்றும் இருக்காது. நூறு நாள் உயிரோடு இருந்தால் படகு வந்து கூட்டிப்போகும். நடுவில் செத்தால் மறுபடி முதல் நாள். இவ்வளவுதான் சொல்லப்படும். எதைத் தின்னலாம், எங்கே தூங்கலாம், எதைத் தொடக் கூடாது, ஒரு வரி கிடையாது.

"ரூல்ஸ் எங்க எழுதிக் கீது?" என்று கேட்டேன்.

"செத்தா தெரியும்."

தெரிந்தது. முதல் தடவை பயந்துபோய் நின்ற இடத்திலேயே நின்றேன். உறைந்து செத்தேன். அசைந்துகொண்டே இருந்தால்தான் உடம்பில் சூடு நிற்குமாம். அடுத்த தடவை அசைந்தேன், ஓடையில் விழுந்தேன். ஈரத் துணியோடு இருந்தால் குளிர் இரண்டு மடங்கு. மூன்றாவது தடவை சிவப்புக் காளான். நான்காவதும் அதே சிவப்புக் காளான் (முன்னால் சரியாக வேகவில்லையோ என்று ஒரு சந்தேகம்). குகைக்குள் பத்திரமாக நெருப்பு மூட்டி, புகையில் மூச்சு முட்டி ஒருமுறை. கரடியிடம் மட்டும் மூன்று முறை. மூன்றாவதுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன்: எரிகிற கட்டையைக் காட்டினால் கரடி ஓடிவிடும்.

ஒவ்வொரு சாவையும் ஒரு நோட்டில் எழுதினேன். கம்பெனியில் ஒரு தப்பு நடந்தால் ஐந்து தடவை ஏன், ஏன் என்று கேட்டு மூலகாரணம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதையே செய்தேன். ஏன் செத்தேன்? குளிர். ஏன் குளிர்? நனைந்தேன். ஏன் நனைந்தேன்? ஓடையில் விழுந்தேன். ஏன் விழுந்தேன்? முயலைப் பார்த்துப் பயந்தேன். ஏன் பயந்தேன்? அந்த ஐந்தாவது ஏனுக்கு மட்டும் கடைசி வரை பதில் எழுத முடியவில்லை.

ஆனால் அருள் சொன்ன மருந்து வேலை செய்தது. நோட்டு விஷயம் மெர்சி காதுக்குப் போய், அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பித்தது. "இன்னா அண்ணி, இன்னிக்கி எத்தினி வாட்டி செத்தீங்க?" ஆறு என்றால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். என் சாவு ஒருத்தியை இவ்வளவு சந்தோஷப்படுத்தும் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம் என்றிருந்தது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று ஃபாதர் அறிவிப்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கோயில். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் குடும்பத்தை பென்னலூருக்கு அழைத்திருந்தார்கள்.

ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் மெர்சி உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்றெட்டாவது நாள். மூன்று மாதமாக, ஷிஃப்ட் முடிந்து வந்து வந்து ஆடிச் சேர்த்த நாட்கள். மரத்தாலான குடில், குழிக்குள் இறைச்சி, சுற்றிலும் வேலி. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அருளின் அம்மா, என் வருங்கால அத்தை, சமையலறையிலிருந்து இலை போடக் கூப்பிட்டார்.

"அண்ணி, ரெண்டு நிமிஷம் பாத்துக்கோங்க. இத பகல்ல நிறுத்தி வெக்க முடியாது, ராத்திரி உள்ள தூங்குனாதான் சேவ் ஆவும். நெருப்பாண்ட நின்னுக்கினு இருங்க, ஒண்ணும் பண்ணாதீங்க" என்று மெர்சி எழுந்து போனாள்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது எனக்கு வராத ஒரே காரியம். குடிலைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்டோர்க்காரி சகிக்கக்கூடிய காட்சி இல்லை அது. அழுகிய இறைச்சியும் நல்ல இறைச்சியும் ஒரே குழியில். காய்ந்த புல் மூலைக்கு மூலை. சரி, திரும்பி வந்து பார்த்தால் அசந்து போகட்டும் என்று ஆரம்பித்தேன். அழுகியதையெல்லாம் எடுத்து வாசலுக்கு வெளியே வீசினேன். புல்லையெல்லாம் வாரி, பயன்படுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே பொருளை வைக்க வேண்டும் என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்வதுபோல, நெருப்புக்குப் பக்கத்தில் சீராக அடுக்கினேன்.

கரடி வந்தது.

நான் பயப்படவில்லை. (வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.) மூன்று முறை செத்துக் கற்ற பாடம் கையில் இருந்தது. நெருப்பிலிருந்து கட்டையை உருவி வீரமாகச் சுழற்றினேன். கரடி உடனே ஓடிவிட்டது. பொறி பறந்து புல்லில் விழுந்தது. புல்லிலிருந்து சுவர், சுவரிலிருந்து கூரை, கூரையிலிருந்து வேலி. தண்ணீர் எடுக்க எந்தப் பட்டன் என்று நான் தேடி முடிப்பதற்குள் குடிலும் இல்லை, மெர்சியின் ஆளும் இல்லை. திரையில் 'நாள் ஒன்று' என்று வந்து, பனி பெய்ய ஆரம்பித்தது.

மெர்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"சாப்ட வாங்க அண்ணி" என்றாள்.

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க ஒரு வாய்ஸ் மெசேஜ் இல்லை. நான் அனுப்பிய பதினொரு மன்னிப்புக்கும் பதில் இல்லை. மெர்சிக்கு வாரம் பூரா ஓவர்டைம் என்று அருள் சொன்னதை நான் நம்பவில்லை. மூன்றாம் ஓலையில் அவள் எழுந்து தடை சொல்லப்போகிறாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

"ஒரு கேமுக்காவ எவளாச்சும் கல்யாணத்த நிறுத்துவாளா?" என்று அருள் சிரித்தார்.

"எங்க கம்பெனில ஒரே ஒரு வாஷருக்கு லைனயே நிறுத்துவாங்க" என்றேன்.

அந்த ஞாயிறு நான் நடுப்பாதையை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மெர்சி பாடகர் குழுவில், பின்னால். பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் ஓலையை எடுத்தார். எங்கள் பெயர்களை வாசித்தார். தடை இருப்பதாக அறிந்தவர்கள் என்று ஆரம்பித்தபோது அவருடைய மைக் நின்றுபோனது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மெர்சி எழுந்து, கையில் பாடகர் குழுவின் மைக்கோடு, பீடத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அவள் என் பெஞ்சைத் தாண்டும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஃபாதர், நான் வேணும்னு எரிக்கல. கரடி வந்துச்சு ஃபாதர்."

மெர்சியின் கையிலிருந்த மைக் அப்போது என் வாய்க்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அது நன்றாக வேலை செய்தது. கோயிலுக்குள் மட்டுமல்ல, வெளியே மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டேன், என் குரலை.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கம்மா கரடி?"

"மெர்சி வூட்டுல, ஃபாதர்."

அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மெர்சி பாதையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு தாங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் மைக்கை வாயருகே கொண்டுபோய், "கேம்ல ஃபாதர். கம்ப்யூட்டர் கேம்ல" என்று சொல்லி, மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாரம் பூரா கேக்கணும்னு இருந்தேன் அண்ணி" என்று காதோரம் சொன்னாள். "தொண்ணூத்தெட்டு நாள்ல என் குடிலாண்ட கரடியே வந்ததில்ல. நீங்க இன்னாதான் பண்ணீங்க?"

அழுகிய இறைச்சியை வாசலில் வீசியதைச் சொன்னேன்.

"வாசனைக்கு வந்துருக்கு" என்றாள். அதுவரை அவளுக்கே தெரியாத விஷயம் அது. ஃபாதர் தடை ஒன்றும் இல்லை என்று முடித்துக்கொண்டிருந்தார். மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நோட்ட எனக்குக் குடுங்க" என்றாள்.

கல்யாணம் நடந்தது. வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளித்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டு தடவை தெளித்தார். நானும் மெர்சியும் சேர்ந்து ஆடி ஒருமுறை படகைப் பார்த்துவிட்டோம். ஆனால் ஊரில் எனக்கு இன்றைக்கும் பெயர் கரடி வூட்டு மருமவதான்.

அன்று கோயிலுக்கு வெளியே ஸ்பீக்கரில் மட்டும் கேட்டவர்களுக்கு முழுக் கதை போய்ச் சேரவே இல்லை. அவர்களில் ஒருவர் பூ விற்கும் ஆரோக்கியமேரி அக்கா. அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. கம்பெனி பஸ் போகும் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். போன மாதம் அவரை மடக்கி நிறுத்தி, அது நிஜக் கரடி இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருப்பது என்று பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"சரி. இப்ப அது எங்க கீது?"

"அதுக்குள்ளதான் கீது அக்கா."

"அப்ப இன்னும் புடிக்கல" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு, சுற்று வழியிலேயே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தேன். இருட்டிய பிறகு இப்போதெல்லாம் நானும் அந்த ரோட்டில்தான் சுற்றிக்கொண்டு வருகிறேன்.