தனி கெட்டில்

"டீ தீந்துடுச்சுன்னா சீனாக்காரன் ஆளக் கூப்புட மாட்டான். மூடிய இப்படித் தூக்கி ஓரமா வச்சுடுவான். அவங்களே பாத்துட்டு வந்து ஊத்துவாங்க. அதுக்குப் பேருதான் நாகரிகம்."

'இப்படி' என்ற சொல்லுக்குப் பரத்வாஜ் மூடியை உண்மையாகவே தூக்கிக் காட்டினார். பாதி மூடி கையோடு வந்தது. மீதிப் பாதி கெட்டிலுக்குள் விழுந்து, டீயில் முங்கி, அடியில் 'டொக்' என்று உட்கார்ந்தது.

கூடப் படித்த பிலோமின்ராஜ் குனிந்து கெட்டிலுக்குள் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இப்ப சீனாக்காரன் என்னா பண்ணுவான்?" என்றார்.

விருத்தாசலத்தில் வேறு யார் கையில் உடைந்திருந்தாலும் அது ஒரு செய்தியே இல்லை. மண்ணைச் சுட்டுப் பிழைக்கிற ஊர். ஆனால் உடைந்தது பரத்வாஜின் கையில். செராமிக் காலேஜில் படித்த நாளிலேயே அவர் கையிலிருந்து ஒரு சாமான் நழுவியதில்லை என்று பெயர். அப்புறம் வடக்கே ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. கோப்பையைக் காதோரம் வைத்து நகத்தால் ஒரு தட்டு. தலையை ஆட்டினால் அது லாரியில் ஏறும், ஆட்டாவிட்டால் குப்பைக்குப் போகும். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவருக்கு மறுநாள் காலை பழைய மாணவர் சங்கம் பொன்னாடை போர்த்தி, 'கைதவறாச் செம்மல்' என்று பட்டம் கொடுக்க இருந்தது. அந்தப் பட்டத்தைச் சங்கத்துக்கு யோசனை சொன்னவர் யார் என்று சங்கம் வெளியே சொல்லவில்லை. அவர்தான்.

பாலக்கரையில் பேனர்கூட வைத்தாயிற்று. காதில் கோப்பையோடு பரத்வாஜ் சிரிக்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் யாரோ போன் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

"கிரி, இது வெளிய போவக் கூடாது" என்றார் பரத்வாஜ்.

விருத்தகிரி செராமிக் படித்துவிட்டு ஜங்ஷன் ரோட்டில் பல்பு விற்கிறவர். பழைய மாணவர்களின் வாட்ஸப் குழு அவருடைய கட்டை விரலில் ஓடுகிறது. அந்த விரல் ஏற்கெனவே போனின் மேல் இருந்தது.

"நான் எதுக்குடா சொல்லப் போறேன்" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பெரிய தியாகம். முகத்திலேயே தெரிந்தது.

மூன்று பேரும் டிம்சம் என்கிற சீனப் பலகாரம் சாப்பிட வந்ததற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. காலேஜ் நூலகத்தில் சீனச் சூளைகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம். அதில் ஒரு படம்: நாலைந்து சீனர்கள் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, மூங்கில் கூடையிலிருந்து எதையோ எடுத்துத் தின்கிறார்கள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாய் டீக்கடையில், ஒரு டீயை மூன்றாகப் பங்கு போட்டுக் குடித்தபடி அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவார்கள். "வேலைக்குப் போனதும் மொத சம்பளத்துல சீனா. மூணு பேரும் சேந்துதான்" என்று பிலோமின்ராஜ் சத்தியம் செய்தார். மாதா பேரில் செய்ததால் மற்ற இருவரும் நம்பினார்கள்.

அந்தக் கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ். இவர்கள் மூவருக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர் வரும். பாய் தன் கையாலேயே எடுத்து வைப்பார். "படிக்கிற பசங்கன்னா அந்தக் காலத்துல ஒரு மரியாத இருந்தது" என்று பரத்வாஜ் இன்றைக்கும் சொல்லுவார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

பிற்பாடு சீனாவுக்குப் பரத்வாஜ் மட்டும் போனார், மெஷின் வாங்க, கம்பெனிச் செலவில், ஒரு வாரம். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அங்கே அவர் சாப்பிட்டதெல்லாம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிக்காய்ச்சல் என்பது அவர் மனைவி ஜகதாம்பாளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது சீனாவே உரக்கடை மாடிக்கு ஓட்டலாக வந்துவிட்டது. சிவப்புக் காகித விளக்கு, மூங்கில் கூடை, கீழேயிருந்து லேசாக யூரியா வாசனை. சென்னையில் கேட்டரிங் படித்த கயல்விழி என்ற பெண் நடத்துகிறாள்.

அவர்கள் உள்ளே நுழைந்ததுமே அவள், "சார்லாம் செராமிக் காலேஜுங்களா?" என்று கேட்டாள்.

"எப்படிம்மா கண்டுபுடிச்சே?"

கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்று பேரும் உட்காருவதற்கு முன்பே ஆளுக்கொரு தட்டைக் கவிழ்த்து, அடியில் முத்திரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் செராமிக் படித்தவனைக் கல்யாணப் பந்தியில்கூட அடையாளம் கண்டுவிடலாம்.

கயல்விழி உள்பக்கம் திரும்பி, "அன்வர் பாய், அந்தத் தனி கெட்டில் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

தனி கெட்டில். பரத்வாஜ் நண்பர்களைப் பார்த்த பார்வையில் பேனர் தெரிந்தது. வெள்ளைக் கெட்டில், நீலப் பூ. மூடியைக் காதோரம் வைத்து ஒரு தட்டு தட்டினார்.

"சத்தம் கொஞ்சம் செத்தாப்ல இருக்குதேடா" என்றார் பிலோமின்ராஜ். அவருக்கு செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பொம்மைப் பட்டறை.

"செத்தாப்ல இல்ல. அடங்குனாப்ல. மட்டமான மண்ணுதான் கத்தும். உசந்த சீன மண்ணு பேசாது. இதுல ஒரு குறை சொல்லு பாப்பம்."

இதெல்லாம் மூடி உடைவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு.

முதல் வேலை, முங்கியதை எடுப்பது. சீனர்கள் சாப்பிடுகிற குச்சியைப் பிடிப்பது எப்படி என்று பரத்வாஜ் வகுப்பெடுத்தபோது பிலோமின்ராஜ் கவனிக்கவே இல்லை. ஆனால் சூட்டில் கிடக்கும் பொம்மையை இடுக்கியால் தூக்குகிற கை. இரண்டு குச்சியைக் கெட்டிலுக்குள் விட்டு, பாதி மூடியை நண்டு பிடிக்கிறாற்போல் பிடித்து மேலே கொண்டுவந்தார். இரண்டு பாதியையும் காலி மூங்கில் கூடைக்குள் வைத்து மூடினார்கள்.

அன்வர் பாய் வந்தார். மங்கலம்பேட்டைக்காரர், துபாயில் சீன ஓட்டலில் வேலை பார்த்துத் திரும்பியவர். மூடி இல்லாத கெட்டிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொதிக்கிற டீயை நிறைய ஊற்றி, மூன்று கோப்பையையும் நிரப்பிவிட்டுப் போனார்.

"ஏன்டா அவரு மூடி எங்கன்னு கேக்கல?" என்றார் விருத்தகிரி.

"அதான் சொன்னேனே, மூடி இல்லன்னா டீ ஊத்துவாங்கன்னு. பழக்கம் தெரிஞ்ச ஆளு. குடிங்க. கோப்பைல மிச்சம் வச்சா அவமரியாதைன்னு நெனப்பாங்க."

குடித்தார்கள். அன்வர் பாய் திரும்ப வந்து ஊற்றினார். திரும்பவும் குடித்தார்கள். சர்க்கரை இல்லாத, பால் இல்லாத, வைக்கோல் ஊறவைத்த தண்ணீர் போல ஒரு டீ. சர்க்கரை வியாதி, பிராஸ்டேட் எல்லாம் வந்துவிட்ட வயசு. விருத்தகிரி கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

நாலாம் தடவை அன்வர் பாய் மூடி இருந்த கூடையை எடுக்கக் கை நீட்டினார்.

"அது இருக்கட்டும் பாய்." பரத்வாஜ் கூடையைக் கட்டிக்கொண்டார். "இன்னும் சாப்புடல."

"காளானு புடிச்சிருக்குதுங்களா சார்? இன்னொன்னு கொண்டாரேன்."

இன்னொன்று வந்தது. அதையும் எடுக்க விடாததால் அடுத்தது வந்தது. மேஜையில் கோபுரம் எழும்பியது.

"நல்ல கொழுக்கட்டதான். ஆனா தேங்கா இல்ல" என்றார் பிலோமின்ராஜ்.

"கொழுக்கட்டன்னு சொல்லாதேன்னு வாசல்லயே சொன்னேன்."

"சரி, டிம்சம். அதுல தேங்கா இல்ல."

விருத்தகிரிக்குத்தான் அடுத்த யோசனை வந்தது. "பிலோ, ஒம் பட்டறைல மூடி கெடைக்காது? வண்டி கீழதான் நிக்குது. ஒரு எட்டு போயிட்டு வரேன்." போவதில் அவருக்கு வேறொரு அவசரமும் இருந்தது.

போனவர் ஒரு துணிப்பையோடும் முகத்தில் பெரிய நிம்மதியோடும் திரும்பினார். பையை மேஜைக்கடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஊறுகாய் ஜாடி மூடி, அண்டாவுக்குப் போடலாம். உப்பு ஜாடி மூடி, கெட்டிலுக்குள்ளேயே போய்விட்டது. கடைசியில் ஒன்று அளவெடுத்து வைத்தாற்போல் பொருந்தியது. கொலுவுக்குச் செய்த போலீஸ்காரர் பொம்மையின் தலை.

கெட்டிலின் மேலிருந்து, மீசையோடும் தொப்பியோடும், போலீஸ்காரர் பரத்வாஜை முறைத்தார். தொப்பிக்குக் கீழே, மூக்கு வழியாக ஆவி வந்தது.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. விருத்தகிரி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிலோமின்ராஜுக்குக் கண்ணில் தண்ணீர். பரத்வாஜ் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், பிறகு முடியாமல், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். காலேஜில் வார்டன் தலையைக் களிமண்ணில் பிடித்துவைத்து, அவர் வருகிற நேரத்தில் மூன்று பேரும் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு நின்றார்களே, அன்றைக்கு இப்படித்தான் தோள் குலுங்கியது. வடக்கே முப்பது வருஷத்தில் அவரோடு சேர்ந்து எதையும் ஒளிக்க ஒரு ஆள் இருந்ததில்லை. அதிகாரிக்கு அந்த வசதி கிடையாது.

"போதும்டா. நாளைக்கு என் மானம்" என்று கண்ணைத் துடைத்தார். "கிரி, கம்மு இருக்கா?"

பல்புக் கடைக்காரர் சட்டைப் பையில் இல்லாத சாமான் கிடையாது. இரும்பையே ஒட்டும் என்று சொல்லி ஒரு சின்னக் குழாயை எடுத்தார். பிலோமின்ராஜ் கை நீட்டினார்.

"குடு, நான் ஒட்டறேன். தெனம் பண்ற வேல."

"நீ வேணாம். காலேஜ்ல ஒனக்கு என்னா பேரு? ஓட்டக்கை. இது நுணுக்கமான வேல" என்று பரத்வாஜ் தாமே வாங்கிக்கொண்டார்.

ஒட்டினார். நுணுக்கமாகத்தான் ஒட்டினார். இரண்டு பாதியும் மயிரிழை தெரியாமல் சேர்ந்தன. கூடவே அவருடைய கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. கையை உதறிப் பார்த்தார். மூடி அசையவில்லை. முதல்முறையாக அந்தப் பட்டம் முழு உண்மையாயிற்று. அந்தக் கையிலிருந்து இனி எதுவும் தவறி விழ வழியில்லை.

அந்த நேரம் பார்த்துக் கயல்விழி போனோடு வந்தாள்.

"சார், பாலக்கரைல பேனர் பாத்தேன், நீங்கதான்னு இப்பதான் தெரிஞ்சிது. கெட்டிலோட ஒரு போட்டோ எடுத்துக்கறேங்க. கடை பேஜ்ல போட்டுக்கறேன்."

பரத்வாஜ் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இடது கையால் கும்பிட்டார். பாதிக் கும்பிடு.

"சீனாவுல இப்படித்தாம்மா கும்புடுவாங்க" என்றார் விருத்தகிரி.

கயல்விழி கெட்டிலைப் பார்த்தாள். போலீஸ்காரர் அவளைப் பார்த்தார்.

"மூடி எங்கங்க?"

பிலோமின்ராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நாந்தாம்மா ஒடச்சிட்டேன். கை தவறிப்போச்சு. நமக்கு எப்பவுமே ஓட்டக்கை."

இது அவருக்குப் புதிதல்ல. காலேஜில் எது உடைந்தாலும் அவர்தான் எழுந்து நிற்பார். உடைத்தது அவராகவே இருந்துவிடுவது வழக்கம் என்பதால் யாரும் விசாரித்ததில்லை. இன்றைக்கும் யாரும் விசாரிக்கப் போவதில்லை. விருத்தகிரியின் விரலும் பைக்குள்தான் இருந்தது. பரத்வாஜ் சும்மா நின்றிருந்தால் போதும். பொன்னாடை, பட்டம், பேனர் எல்லாம் பத்திரம்.

அவர் பிலோமின்ராஜின் முகத்தைப் பார்த்தார். மீசை நரைத்துவிட்டது. பொய் சொல்லும்போது மேலே விட்டத்தைப் பார்க்கிற வழக்கம் மட்டும் போகவில்லை.

"உக்காருடா" என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தார். விரலில் மூடி, நீலப் பூவோடு, பெரிய மோதிரம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. "நான்தாம்மா. ஒடச்சதும் நான், ஒட்டுனதும் நான். உங்க தனி கெட்டில். உசந்த சாமான். கிரி, நீ குரூப்ல போட்டுக்கோ."

விருத்தகிரி போனை எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

கயல்விழியின் முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "அன்வர் பாய்" என்று மட்டும் கூப்பிட்டாள்.

அன்வர் பாய் வரும்போதே கிண்ணத்தில் வெந்நீரும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தார். பரத்வாஜின் விரலை எண்ணெயில் நனைத்து, பதமாக ஒரு திருகு திருகினார். மூடி விரலை விட்டு வந்தது.

"கவலப்படாதீங்க சார். சூடு பட்டா இது அப்பப்ப ரெண்டா வந்துடும். நாந்தான் திரும்பத் திரும்ப ஒட்டி வைக்கிறது."

பரத்வாஜ் மூடியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். "அப்ப ஏன்யா இதப் போயி எங்களுக்குத் தனியா எடுத்துக் குடுத்தீங்க?"

அன்வர் பாய் போலீஸ்காரரை மரியாதையாக இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"செராமிக்காரங்க தட்டித் தட்டிப் பாத்தே நல்ல சாமான்ல கீறல் விட்டுடுவாங்கன்னு நாந்தான் சார் இந்தப் பாப்பாகிட்ட சொல்லி வச்சேன், ரயில்வே கேட்டாண்ட டீக்கட வச்சிருந்த எங்க அத்தாவும் அதுக்குத்தானே உங்களுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர்ல குடுப்பாரு."