கரோலின் அத்தையின் குளிருக்கு அப்பா செய்த அடுப்பு

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
டிசம்பர் 14

பிரியமுள்ள கரோலின் அத்தை அவர்களுக்கு, லவினா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் அப்பா, அம்மா, நான் மூவரும் இருமலைத் தவிர மற்றபடி சுகம். பெங்களூரில் உங்கள் முழங்கால்களின் சுகத்தை அறிய ஆவல்.

அப்பா ராபர்ட்சன்பேட்டைக்கு, குழாயை வளைத்துப் பொருத்தும் எல்போ வாங்கப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் இதை முடித்துத் தபாலில் போட வேண்டும். அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் ரிப்போர்ட்டைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே அனுப்புவார்களாம். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் இந்த வீட்டிலிருந்து எந்தத் தாளும் அப்பா கண்ணைத் தாண்டி வெளியே போவதில்லை. என் காலேஜ் விண்ணப்பத்தின் ஓரத்தில்கூட ‘பார்த்தேன், சிரில்’ என்று எழுதிவிட்டார். போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து, “இன்னாடா சிரிலு, வூட்டுக்குள்ள ஐஸ் பொட்டியா வெச்சிகினு கீற? இனிமே வரமாட்டேன் போ” என்று சொல்லிவிட்டு, இருபத்தாறாம் தேதி காலை ரயிலிலேயே கிளம்பிவிட்டீர்கள். அது அப்பாவைக் குத்திவிட்டது. அதனால் முன்னறையைச் சூடாக்க ஒரு விறகு அடுப்பு செய்திருக்கிறார். பழைய இரும்பு டிரம், அதற்கு ஒரு கதவு, கீழே காற்று நுழைய ஓட்டை, அதைத் திறந்து மூட ஒரு தகடு, மேலே தகரக் கூரையைத் தாண்டி ஏழடிக் குழாய். “சுரங்கத்துல நடக்கறதுதாம்மா. சூடான காத்து ஒரு ஷாப்ட் குழில மேல ஏறும். அது இழுக்கற இழுப்புல குளுந்த காத்து இன்னொரு ஷாப்ட்ல எறங்கும்” என்றார். பதினெட்டு வருஷம் சுரங்கத்தின் காற்றுக் கதவுகளைப் பார்த்துக்கொண்டவர் சொல்கிறாரே என்று நம்பினோம்.

முதல் நாள், சூடு வெளியே போகக் கூடாது என்று கதவிடுக்கு, ஜன்னல், கூரை இடுக்கு எல்லாவற்றிலும் கோணியைத் திணித்து அடைத்தார், உள்ளே வரக் காற்றே இல்லாததால் புகை குழாயில் ஏற மனமில்லாமல் எங்களோடு உட்கார்ந்துகொண்டது, அம்மா ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார், பக்கத்து வீட்டுத் தாயம்மா, எங்கள் வீடு பற்றிக்கொண்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்து கதவைத் திறந்தார், திறந்ததும் புகையெல்லாம் குழாயில் ஏறிப் போய்விட்டது. “பதினெட்டு வருசம் காத்துக் கதவு பாத்தவரு, காத்து வர்ற வழியவே அடைச்சிட்டு குந்தினு கீறாரே” என்றார் தாயம்மா. அப்பா அந்த வாளியை வாங்கி முகம் கழுவிக்கொண்டார்.

இரண்டாம் நாள், நம்ம ஊர்க் கோரமண்டல் பக்கம் போன வாரம் வெட்டிய நீலகிரி மரம். பச்சை விறகு தன் ஈரத்தை விரட்டவே சூட்டையெல்லாம் செலவழித்துவிடுகிறது அத்தை. முனையில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டே இருந்தது, குழாய்க்குள் கரி தார் மாதிரி அப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் நன்றாகக் காய்ந்த விறகு, சின்னச் சின்னதாகப் பிளந்தது, தகடு பாதி திறந்து, ஜன்னல் ஒரு விரல் திறந்து. புகையே தெரியாமல் நின்று எரிந்தது. ஆனாலும் எங்களுக்குக் குளிர் விடவில்லை. டிரம்மை இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒட்டி வைத்திருந்தோம், சூட்டைச் செங்கல் குடித்து அந்தப் பக்கம் கொடுத்துவிட்டது. தாயம்மா அங்கே முதுகைச் சாய்த்துக்கொண்டு, “சிரிலண்ணா, இன்னும் ரெண்டு கட்டை போடுங்க” என்று சுவரைத் தட்டுகிறார். இனி அடுப்பை அறை நடுவுக்குத் தள்ளி, குழாயை வளைத்து அறைக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓடவிட்டு, சூட்டை இங்கேயே இறக்கிவிட்டு வெளியே அனுப்பப் போகிறாராம். எல்போ அதற்குத்தான்.

அத்தை, நீங்கள் கட்டாயம் வர வேண்டும், ஆனால் அடுப்புக்காக இல்லை. மங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இருபத்தேழாம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அப்பாவோ இந்த ஊரில் எல்லாரையும் போல நானும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறை விறகு வைக்கும்போதும் சொல்ல வாயெடுக்கிறேன். “காத்த கொஞ்சம் தெறக்கட்டுமாப்பா” என்றுதான் வருகிறது. அவர் மறுபேச்சு பேசாதது உங்களிடம் மட்டும்தான். நீங்களே சொல்லிவிடுங்கள், நான் அப்போது சமையலறையில் இருந்துகொள்கிறேன்.

அம்மாவின் ஸ்தோத்திரங்கள். ஆண்டவர் உங்களையும் உங்கள் முழங்கால்களையும் காப்பாராக.

பணிவுடன்,
லவினா

பி.கு.: கவரை ஒட்டும்போது அப்பா வந்துவிட்டார். “அடுப்பப் பத்தி எழுதினியா? குடு, அளவெல்லாம் சரியா கீதா பாக்கறேன்” என்று வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஏழடியை எட்டடி என்று திருத்தியிருந்தார். மங்களூர் இருக்கும் இடத்தில், ஓரத்தில், ‘பார்த்தேன். போகட்டும். அங்கே குளிர் கிடையாது, அடுப்பு தேவைப்படாது. சிரில்’ என்று இருந்தது. ஆகவே எனக்காக நீங்கள் வர வேண்டியதில்லை. அடுப்புக்காக வரச் சொல்கிறார் அப்பா. ஆனால் அதை நகர்த்த விடமாட்டேன் என்று தாயம்மா வாசலில் நிற்கிறார். வந்தால் அவர் வீட்டில்தான் தங்க வேண்டியிருக்கும்.