கிழமையர் கேட்ட ஒரே கேள்வி

டொக். ஒரு கதிரையின் முதுகு சுவரில் மோதும் சத்தம். போன மாதம் ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக் கோப்பிக்கடையில் ஒரு பிள்ளை தன் கதிரையைச் சரித்துச் சரித்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் வேலை முடிந்து, காலோடு மனமும் வீங்கி, ஆறிப்போன கோப்பிக்கு முன்னால் இருந்தேன். அந்த ஒரு டொக்கில் கிழமையர் என் நினைவில் எழும்பி வந்துவிட்டார்.

கிழமையரைப் போல என்னைக் களைக்கவைத்த மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் இல்லை. ஒஸ்லோவின் பனி களைக்கவைக்கும், ஆனால் சித்திரையில் உருகிவிடும். கிழமையர் உருகமாட்டார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஊரில் போர்நிறுத்தம், இங்கே எங்களுக்கு ஓய்வில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்க்கும் சலவைத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. நகரத்தின் காய்ச்சலும் கண்ணீரும் மூட்டை மூட்டையாக வரும். நாங்கள் வெள்ளையாக்கி மடித்து அனுப்புவோம். மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நின்றவர்தான் அவர். கானா நாட்டுக் குமாசிக்காரர், அசாந்தி இனத்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நோர்வேஜிய மொழியில்தான் கதைத்துக்கொள்வோம். இருவருக்கும் அது கடன் வாங்கிய சப்பாத்து. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் அவர் யாழ்ப்பாணத் தமிழிலேயே வாய் திறக்கிறார்.

முதல் நாள் கை நீட்டி என் பெயரைச் சொன்னேன். கையைப் பிடித்தார், பெயரைப் பிடிக்கவில்லை.

"பேர் கிடக்கட்டும். என்ன கிழமை பிறந்தனீ?"

"ஏன்?"

"உன்னைக் கூப்பிடத்தான்."

அவருடைய ஆட்களுக்குப் பிறந்த கிழமைதான் முதற்பெயராம். ஆன்மா அந்தக் கிழமையின் வாசலால்தான் உள்ளே வருகிறது. தாய் தகப்பன் வைக்கிற பெயர் பிறகு போடும் சட்டை. அவருடைய மார்பு அட்டையில் 'கோஃபி' என்றிருந்தது. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் என்று பொருள். கிழமையர் என்று நாங்கள் அவருக்கு வைத்த பட்டமும் இதிலிருந்து வந்ததுதான்.

"தாளிலை சனவரி முதலாம் திகதி எண்டு கிடக்கு" என்றேன்.

மடித்த விரிப்பைக் கீழே வைத்தார். "சிவமும் சனவரி ஒண்டு. சோமாலிக்காரனும் சனவரி ஒண்டு. ஈராக்காரனும் சனவரி ஒண்டு. உங்கடை தாய்மார் எல்லாரும் கூட்டம் வைச்சு முடிவெடுத்தே பெத்தவை?"

மடிப்பு மேசையே சிரித்தது, என் பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் சிவம் அண்ணை உட்பட. உண்மையும் அதுதான், சரியான திகதி காட்டமுடியாத அகதியின் தாளில் சனவரி ஒன்றுதான் விழும். வருடத்தின் முதல் வேலைநாளில் எங்கள் பொறுப்பாளர் பெரித் ஒரு கேக் கொண்டுவருவாள். பதினொரு அகதிகளுக்கு ஒரே கேக்.

எனக்கென்றால் மூன்று பிறந்தநாள். ஒன்று என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் தந்த இந்தச் சனவரி ஒன்று. இன்னொன்று, என்னைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முந்திச் சேர்க்க அப்பா மாற்றிப் பதிந்தது. மூன்றாவது சாதகத்தில் இருந்தது. சாதகம் இடப்பெயர்வில் போய்விட்டது. உண்மை தெரிந்தவர் அம்மா மட்டும். அம்மாவோடுதான் நான் கதைப்பதில்லை. கோபம் ஒன்றுமில்லை, பயம். அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அதன்பிறகு தொலைபேசியில் தங்கச்சியோடு மட்டும் கதைத்து, "அம்மா கேக்கிறா" என்று அவள் சொன்னதும் "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவேன். அந்தப் பிறகுக்கு இரண்டு வயது ஆகியிருந்தது.

கிழமையருக்கு இது ஒன்றும் தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்கு அதே கேள்வி. "என்ன, கண்டுபிடிச்சியே?" தொல்லை தாங்காமல் ஒரு நாள், "வெள்ளி" என்று அவிழ்த்துவிட்டேன். இரண்டு கிழமை என்னைத் தன் பெயராலேயே கூப்பிட்டார். பிறகு ஒரு நாள் கண்ணைச் சுருக்கினார்.

"நீ வெள்ளி இல்லை."

"எப்பிடித் தெரியும்?"

"கோஃபி எண்டு கூப்பிட்டால் திரும்ப முன்னம் ஒருக்கா யோசிக்கிறாய். எனக்கு அந்த யோசனையைத் தெரியும்."

அதற்குப் பிறகு நான் வெறும் "சனவரி" ஆனேன்.

அவருடைய மற்ற வழக்கங்களும் சும்மா இல்லை. ஓய்வறையில் கதிரையை விட்டு எழும்பினால் அதைச் சுவரில் சரித்துவிட்டுத்தான் போவார். டொக். ஒருவர் இருந்த இருக்கையில் அவருடைய ஆன்மா ஒட்டிக்கொண்டிருக்குமாம். நிமிர்த்தி விட்டால் வழியால் போகிற எதுவும் வந்து குந்திவிடும். பெரித் இரண்டு தரம் அதில் இடறி விழப்பார்த்தாள். மூன்றாம் தரத்திலிருந்து அவளும் தன் கதிரையைச் சரிக்கத் தொடங்கினாள்.

வியாழக்கிழமைகளில் பனி அள்ளமாட்டார். வியாழன் நிலத்தாயின் நாள், அவளைக் கிண்டக்கூடாது.

"இது நிலமில்லை, பனி" என்றாள் பெரித்.

"பனிக்குக் கீழை?"

பெரித் யோசித்தாள். யோசித்தது பிழை. அந்தக் குளிர்காலம் முழுவதும் லொறிவாசலின் வியாழக்கிழமைப் பனியை நானும் சிவம் அண்ணையும் அள்ளினோம்.

"வெள்ளிக்கிழமை பிறந்த மனுசன் ஏன் வியாழனைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது?" என்று மண்வெட்டியை ஊன்றினார் சிவம் அண்ணை. "ஞாயிறெண்டால் தேவாலயத்திலை முன்வாங்கு. இதென்ன ரெண்டு வள்ளத்திலை கால்?"

கிழமையர் வாசலில் நின்று கையைத் தேய்த்தார். "நீ முருகனுக்கும் போறாய், மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்துறாய். எனக்கு மட்டும் ஒண்டோ?"

சிவம் அண்ணை ஊன்றிய மண்வெட்டியைப் பிடுங்கி மறுபடி அள்ளத் தொடங்கினார்.

கடைசியில் நான் அம்மாவுக்கு எடுத்தது பாசத்தால் என்று சொன்னால் பொய். களைப்பால் எடுத்தேன். அம்மருட்டில் நான் இருந்த வீட்டில், மேசையில் தொலைபேசி அட்டையைச் சுரண்டிவிட்டு, தங்கச்சி எடுத்ததும், "அம்மாட்டைக் குடு" என்றேன். அவள் உடனே கொடுத்தாள்.

"அம்மா, நான் என்ன கிழமை பிறந்தனான்?"

இரைச்சலுக்குள்ளால் அம்மாவின் குரல் வந்தது. "ஏன் ராசா, ஏதும் கலியாணம் பொருந்தியிருக்கோ?"

"இல்லையம்மா. இஞ்சை ஒரு ஆபிரிக்கர் கேக்கிறார்."

"அவருக்குப் பொம்பிளைப்பிள்ளை இருக்கோ?"

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தா. பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. "புதன்கிழமையடா" என்றா. "பின்னேரம். அடைமழை. கொப்பர் குடையை விரிச்சபடியே ஆஸ்பத்திரிக்குள்ளை வந்தவர், நேர்ஸ் பேசினது." அப்பாவைப் பற்றி இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிய முதல் வாக்கியம் அது. அட்டை தீரும்வரை அந்தக் குடையைப் பற்றியே கதைத்தோம்.

மறுநாள் காலை, "புதன்" என்றேன். கிழமையர் என் முகத்தைப் படித்தார். இந்தமுறை நம்பினார்.

"க்வாக்கு!"

அவருடைய ஊரில் பிள்ளை பிறந்து எட்டாம் நாள் நாக்கில் தண்ணீரும் சாராயமும் தொட்டு வைப்பார்களாம். எனக்கு நாற்பது வருடம் பிந்தி, ஓய்வறையில் நடந்தது. ஒரு துளி தண்ணீர். "தண்ணி எண்டால் தண்ணி எண்டு சொல்லு." சாராயத்துக்குத் தொழிற்சாலையில் தடை, சிவம் அண்ணையின் இருமல் மருந்து அகப்பட்டது. "இருமல் மருந்து எண்டால் இருமல் மருந்து எண்டு சொல்லு. உயிர் போனாலும் மாத்திச் சொல்லாதை." வாய் கசந்தது. பெரித் கைதட்டினாள். அடுத்த சனவரிக் கேக்கை நான் தொடவில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து அவர் ஊரோடு போகப் புறப்பட்டார். வழியனுப்ப ஒஸ்லோ மத்திய நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். விமான நிலைய ரயில். ஒரு செவ்வாய்க்கிழமை, எந்த விசேசமும் இல்லாத செவ்வாய். பெட்டியை ஏற்றிவிட்டு வாசலில் நின்றார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"க்வாக்கு, தண்ணி எண்டால் தண்ணி எண்டு சொல்ல வேணும் என்ன?"

"ஓம்."

"கோஃபி என்ரை அண்ணன். இஞ்சை வர எல்லாத் தாளும் எடுத்து வைச்சிட்டு, வராமலே செத்துப்போனான். அந்தத் தாளிலைதான் நான் வந்தனான். ஆரும் கூப்பிட்டால் திரும்ப முன்னம் ஒருக்கா யோசிப்பன். இருபது வருசம்."

லொறிவாசலின் வியாழக்கிழமைப் பனி அத்தனையும் ஒரே நேரத்தில் என் தோளிலிருந்து இறங்கியது. மடிப்பு மேசையில் ஏழு கிழமையின் பெயரும் எனக்குப் பாடமாக்கியவர் அவர்தான். வியாழனுக்குரியதைத் தேடி எடுத்தேன். கதவு மூடப்போகிறது என்று மணி அடித்தது, அவர் உள்ளே போகத் திரும்பினார்.

"யாவ்" என்றேன்.

அவர் யோசிக்கவில்லை. உடனே திரும்பிப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லு, க்வாக்கு."

"யாவ். போட்டு வாங்கோ, யாவ்."