பேசாத கட்சிக்கு முதல் பரிசு

இளைய தலைமுறையின் ஒழுக்கமும் பண்பாடும் தேய்ந்து வருவதைக் கண்டு கல்வித் துறை ஆழ்ந்த கவலை கொண்டது. கவலை முற்றியதும் புதிய பாடத்திட்டம் பிறந்தது. இனிமேல் ஒழுக்கத்தை யாரும் போதிக்க மாட்டார்கள். பிள்ளைகளே விவாதம் செய்து அதைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டும் ஆசிரியர் கையேட்டில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

புதிய பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பள்ளியில் வகுப்பு இல்லாமல் இருந்தவர் கணக்கு டீச்சர் ஒருவர்தான். ஆகவே பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. முதல் தலைப்பைத் துறையே அனுப்பியது: 'பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசலாமா?' நடுவராக மேலதிகாரியே வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

'பேசலாம்' கட்சிக்கு, வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் பெண் எழுந்தாள்.

"போன வாரம் டீச்சர் போர்டுல ஒரு கணக்கைத் தப்பாப் போட்டாங்க. நான் சொன்னேன், திருத்திக்கிட்டாங்க. சொல்லாம விட்டிருந்தா மொத்த வகுப்பும் தப்பாப் படிச்சிருக்கும்."

டீச்சருக்குக் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை. அதிகாரியின் புருவம் மட்டும் மேலே போய்விட்டு இறங்கவில்லை.

அடுத்து 'கூடாது' கட்சிப் பையன். மனப்பாடம் செய்தது சுத்தமாக மறந்துபோயிருந்தது. திருதிருவென்று விழித்தான்.

"பெரியவங்க முன்னாடி பேசக் கூடாதுங்கிறது எங்க கட்சி. ஐயா முன்னாடியே உக்காந்திருக்காங்க. அதனால நாங்க பேசல."

உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரிக்கு மெய்சிலிர்த்தது. "கொள்கையை வாழ்ந்தே காட்டிட்டான்யா! இதுதான் விவாதம்!"

பையனுக்கு முதல் பரிசு. வாயாடிக்கு ஒழுக்கப் பாடத்தில் பூஜ்யம். அதில் தேறாதவர்கள் அடுத்த வருடமும் அதே வகுப்பில் உட்கார வேண்டும்.

செய்தி பரவி, மௌன விவாதம் ஊரெங்கும் நாகரிகமாகிவிட்டது. பேசாமல் இருக்கச் சொல்லித்தரும் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன.

"எங்க பையன் அரையிறுதியில வாயே திறக்கல" என்றார் ஒரு தாய்.

"எங்க பொண்ணு இறுதிச் சுற்று முடியற வரைக்கும் இருமக்கூட இல்ல" என்றார் இன்னொருவர்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வாயாடியைக் கூப்பிட்டு, "மார்க்கை முடிவு பண்ற ஆசிரியர் கூட்டத்துல உனக்காக நான் பேசறேன்டா. பயப்படாதே" என்றார். வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

"இதையெல்லாம் அங்கயும் பேசுவியா?" என்று கணவர் கேட்டார்.

"பேசாம விட்டுடுவேனா?"

கூட்டத்தில் அதிகாரி மதிப்பெண்களை வாசித்து முடித்தார். "மாற்றுக் கருத்து இருந்தா தாராளமாச் சொல்லலாம். இதுவும் விவாதம்தான்."

டீச்சர் எழுந்தார்.

"சொல்லுங்கம்மா. இதை முடிச்சிட்டுப் பதவி உயர்வு விஷயத்துக்குப் போகணும். உங்க பேரும் பரிசீலனையில இருக்கு."

டீச்சர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா! சொல்ல விஷயம் இருந்தும் அடக்கிக்கிட்டாங்க!" அந்த இடத்திலேயே சிறந்த விவாத ஆசிரியர் விருது அறிவிக்கப்பட்டது.

மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் வாயாடி வந்து நின்றாள். அடுத்த வருடமும் அதே வகுப்புதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"கூட்டத்துல ரொம்ப நல்லா விவாதம் பண்ணினீங்களாமே, டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஆசிரியர் அறையே எழுந்து நின்று கைதட்டியது.