அக்காவைப் பெண் பார்க்க நான் அச்சடித்த சேலை

பிடிவாதக்காரர்களில் இரண்டு வகை உண்டு. விஷயம் தெரிந்து பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒரு வகை. ஒன்றுமே தெரியாமல் பிடிப்பவர்கள் இன்னொரு வகை. பதினெட்டு வயதில் நான் இரண்டாவது வகைக்குத் தலைவி.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எங்களுக்குக் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடு, அதாவது வரிசை வீடுகளில் ஓர் அறை, கிடைத்திருந்தது. அம்மாவும் தனம் அக்காவும் கொழுந்து பறித்தார்கள். என்னை மட்டும், எங்களைப் போல் திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நடந்த துணி அச்சுப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி மேல் சாயப் பசையை ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழே துணியில் பூ விழும். முதல் பூ விழுந்த அன்றே, இனி என் பிழைப்பு இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவோ, கங்காணியிடம் சொல்லியாகிவிட்டது, சீக்கிரமே நீயும் பேர் பதிந்து மலைக்கு வா என்றாள்.

அந்த நேரம் பார்த்து, அக்காவைப் பெண் பார்க்கச் சேரம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. (அவர்களும் எங்களைப் போலத் தோட்டத்துக்காரர்கள்தான்.) நான் அம்மாவிடம் பந்தயம் கட்டினேன். அக்கா நான் அச்சடித்த சேலையைக் கட்டட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்தால் என்னை அச்சுப் பட்டறையிலேயே விட்டுவிட வேண்டும், பிடிக்காவிட்டால் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்கிறேன் என்றேன். அக்காவின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

என் டிசைன், தேயிலைக் கொழுந்தின் இரண்டு இலையும் ஒரு மொட்டும். பச்சைச் சேலையில் கரும்பச்சை இலை. மொட்டு எடுப்பாக இருக்க வேண்டும் என்று பழுப்பில் சிவப்பைக் கலந்தேன். போதவில்லை என்று கறுப்பையும் கலந்தேன். மொட்டு மினுங்கட்டும் என்று பசையைக் கெட்டியாக்கினேன். எல்லா மொட்டும் ஒரே பக்கம் பார்த்தால் சலிப்பாக இருக்குமே! ஒன்றை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் சாய்த்தேன். கீழ்க்கரையில் நெருக்கமாகத் தொடங்கி, முழங்கால்வரை மெல்ல மெல்லக் கலைந்து ஏறுகிற மாதிரி வைத்தேன். (இந்த யோசனைக்காக எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.)

பயிற்சி கொடுத்த கோயமுத்தூர் டீச்சர் ஈரத் துணியைப் பார்த்துவிட்டு, "ஈரத்துல இருக்கற கலர் காஞ்சா இருக்காதுங்க அம்மிணி. சின்னத் துணியில போட்டுப் பார்த்திருக்கலாமுங்க" என்றார். நான் கேட்கிற ஆளா?

பனிக்காலத்தில் சேலை காய்வதற்குள் உயிர் போய்விட்டது. பெண் பார்க்கும் நாள் காலையில்தான் காய்ந்தது. பிரித்துப் பார்த்தால் இலைகளைக் காணோம். கரும்பச்சை வெளுத்துச் சேலையின் பச்சையோடு ஒன்றாகிவிட்டது. மொட்டுகள் மட்டும் கறுஞ்சிவப்பாக, தடித்து, மினுமினுவென்று நின்றன. இலை மறைந்திருப்பதுதான் புது நாகரிகம் என்று வீட்டில் அடித்துச் சொன்னேன். அம்மா சேலையைப் பார்த்தபடி தன் கணுக்காலைச் சொறிந்துகொண்டாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். முதலில் மாப்பிள்ளை இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டார். அடுத்து அவருடைய அம்மா, வாயில் வெற்றிலையோடு பாய்ந்து வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்தார்.

"அசையாத புள்ள, அட்டை ஏறுது" என்றவர், மடியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு மொட்டின் தலையிலும் அப்பினார். மலையில் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைக்குத் தோட்டத்துப் பெண்கள் செய்கிற வைத்தியம் அதுதான். ஒன்றும் உதிரவில்லை. அவர் விடாமல் அடுத்த வரிசைக்கு ஏறினார். என் பட்டறை போனது போகட்டும், அக்காவின் கல்யாணத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

"அத்தை, அது அட்டை இல்ல. தங்கச்சி போட்ட அச்சு" என்றாள் அக்கா, மெதுவாக.

அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரிக்கவும் மாப்பிள்ளை காலைக் கீழே விட்டார்.

"அட்டையையே இம்புட்டு உசுரோட போடுற புள்ளைக்கு ஒரு பூவு போட ஏலாதா? கல்யாணச் சேலைய இவளே போடட்டும்" என்றார் அந்த அம்மா.

நான் போட்டது அட்டையே இல்லை, தேயிலை மொட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் கூடை, சொல்லாவிட்டால் பட்டறை. "ஆமா, அட்டைதான்" என்று தலையாட்டிவிட்டேன்.

பட்டறை நிலைத்தது. கூடவே ஒரு பெயரும் நிலைத்தது. அக்காவின் பிள்ளைகளுக்கு நான் அட்டைச் சித்தி. அவர்களைப் பார்த்து ஊருக்கே அட்டைச் சித்தி. அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையில் போட அச்சகத்தில் என் பேரைக் கேட்டபோது, வீட்டில் ஒருவருக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து அக்காதான் எடுத்துக் கொடுத்தாள்.